நான்கு கல்லூரிகளுக்கான முழுத் தொகுப்பு: ஓர் எம்.பி.ஏ. சேர்க்கை ஆலோசனைச் சேவையின் மதிப்பீடு

உலகின் முன்னணி வணிகக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர விரும்புவோருக்கு விண்ணப்ப வேலைகளில் துணை நிற்கும் ஆலோசனைச் சேவை ஒன்றை ஏறத்தாழப் பத்து மாதங்கள் பயன்படுத்தினேன். நான் வாங்கியது 'முழுத் தொகுப்பு' என்று அவர்கள் அழைக்கும் திட்டம். நான்கு கல்லூரிகளுக்கான கட்டுரைகள், சுயவிவரக் குறிப்பு, பரிந்துரைக் கடிதங்களுக்கான வழிகாட்டல், மாதிரி நேர்காணல்கள் ஆகிய அனைத்தும் அதில் அடக்கம். முதல் சுற்றில் விண்ணப்பித்த இரண்டு கல்லூரிகளில் ஒன்று நேர்காணலுக்கே அழைக்கவில்லை; மற்றொன்று நேர்காணலுக்குப் பிறகு நிராகரித்தது. இரண்டாம் சுற்றில் விண்ணப்பித்தவற்றில் ஒன்றில் இடம் கிடைத்தது, மற்றொன்று காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறது. இடம் கிடைத்துவிட்டது என்பதற்காக இந்தச் சேவையைப் புகழ்வதோ, இரண்டு கல்லூரிகள் மறுத்துவிட்டன என்பதற்காக இகழ்வதோ நேர்மையாகாது. எனக்கு வந்த நிராகரிப்புக் கடிதங்களில் காரணம் என்று ஒரு வரிகூட இல்லை. எனவே முடிவுகளை விட்டுவிட்டு, வாங்கிய நேரத்தில் எந்தெந்த மணி நேரங்கள் எனக்குப் பயன்பட்டன, எவை கெடுதல் செய்தன என்பதை மட்டும் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

தொடக்கத்தில் அளிக்கப்பட்ட சுயவிவர மதிப்பாய்வு ஏமாற்றமாகவே இருந்தது. எம்.பி.ஏ. சேர்க்கைக்காக எழுதப்படும் ஜிமேட் தேர்வில் 730 மதிப்பெண்ணை இலக்காகக் கொள்ள வேண்டும் என்று அந்த அறிக்கை கூறியது. 2023 நவம்பரில் அறிமுகமான புதிய ஜிமேட்டில் மொத்த மதிப்பெண் 205-இல் தொடங்கி 805-இல் முடிகிறது. ஒவ்வொரு மொத்த மதிப்பெண்ணும் 5 என்ற இலக்கத்திலேயே முடியும் என்பதால், 730 என்ற மதிப்பெண்ணே அந்தத் தேர்வில் கிடையாது. 2024 ஜனவரியுடன் நிறுத்தப்பட்ட பழைய தேர்வின் அட்டவணையை மாற்றாமல் எனக்கு அனுப்பியிருந்தார்கள். இதைச் சிறிய கவனக்குறைவு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. பழைய தேர்வில் 700-ஐத் தாண்டுவதும் புதிய தேர்வில் 700-ஐத் தாண்டுவதும் ஒரே தரநிலையைக் குறிப்பவை அல்ல, புதிய தேர்வில் 700-ஐத் தாண்டுவது முன்னைவிட அரிது. இதை அறியாமல் பழைய இலக்கைத் துரத்துகிறவர் போதுமான மதிப்பெண் எடுத்த பிறகும் மாதக்கணக்கில் தேர்வையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பார். சுட்டிக்காட்டியதும் மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார்கள். பின்னர் நான் 675 எடுத்து, மறுபடியும் எழுதலாமா என்று தயங்கியபோது, "வேண்டாம், அந்த ஆறு வாரங்களைக் கட்டுரைகளுக்குக் கொடுங்கள்" என்று என் ஆலோசகர் உறுதியாகக் கூறியது மிகச் சரியான அறிவுரை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த ஆலோசகரைப் பற்றித்தான் நான் விரிவாக எழுத விரும்புகிறேன். ஒரு வணிகக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் முன்பு பணியாற்றியவர் அவர். முதல் சந்திப்பில் என் வரைவுகளைத் திறக்கவே இல்லை. மூன்று மணி நேரம் கேள்விகள் மட்டுமே கேட்டார். நான் மருத்துவமனைகளில் டயாலிசிஸ் இயந்திரங்களைப் பராமரிக்கும் எட்டுப் பேர் கொண்ட குழுவின் பொறுப்பாளராக இருந்தேன். இயந்திரங்கள் பழுதாகி நிற்கும் நேரத்தைக் குறைத்த கதையை எண்களோடு அடுக்கிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, இரவுப் பணிச் செவிலியர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இயந்திரங்களின் எச்சரிக்கை ஒலிகளைக் குறித்து வைத்திருந்தார்கள் என்பதைப் போகிற போக்கில் குறிப்பிட்டேன். அவர் அங்கேயே நிறுத்தினார். "அந்த நோட்டை முதலில் பிரித்துப் படித்தது யார்? அதுவரை உங்கள் குழுவில் ஒருவரும் ஏன் படிக்கவில்லை?" என்று கேட்டார். படித்தவர் என் குழுவின் ஆக இளைய தொழில்நுட்பப் பணியாளர் என்பதையும், அவர் இரண்டு முறை என்னிடம் வந்து சொல்லியும் நான் காது கொடுக்கவில்லை என்பதையும் அன்றுதான் முதன்முறையாக ஒருவரிடம் சொன்னேன். ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தும், அதுவே நான் எழுத வேண்டிய கதை என்பது எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

இந்த மூன்று மணி நேரத்தின் அருமை, கல்லூரிகள் கேட்கும் கேள்விகளை அறிந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். உங்களுக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது எது, ஏன் என்று ஸ்டான்ஃபோர்டு பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. நீண்ட ஒற்றைக் கட்டுரையைக் கேட்டுவந்த ஹார்வர்டு, 2024-இல் அதைக் கைவிட்டு, வணிகம், தலைமை, வளர்ச்சி ஆகியவற்றைப் பற்றிய மூன்று சிறு கட்டுரைகளுக்கு மாறியது. எம்.ஐ.டி. ஸ்லோன் வேலைக்கு விண்ணப்பிப்பது போன்ற முகப்புக் கடிதத்தையும் சிறு காணொளிகளையும் கேட்கிறது. இந்தக் கேள்விகளுக்குப் பதில் நம்மிடமே இருக்கிறது என்றாலும், தன் வாழ்க்கையில் எது சாதாரணம், எது அபூர்வம் என்று பிரித்தறிய அதை வாழ்ந்தவரால் பெரும்பாலும் முடிவதில்லை. நன்கு கேட்கத் தெரிந்த ஒரு வெளியாளுக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. அந்த வேலையை இந்த ஆலோசகர் மிகச் சிறப்பாகச் செய்தார்.

அதற்கடுத்த கட்டத்தில்தான் சேவை தடம் புரண்டது. கட்டுரையின் கரு முடிவானதும் விண்ணப்பதாரரை 'மொழிச் செம்மையாளர்' என்ற இன்னொருவரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். அவர் என்னோடு ஒரு முறைகூடப் பேசவில்லை. கோப்புகள் மட்டும் போய் வந்தன. நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்த வாக்கியத்தின் பொருள் இது: 'அவர் இரண்டு முறை சொன்னார், இரண்டு முறையும் நான் கேட்கவில்லை.' ஐந்தாவது வரைவில் அது, 'பல நிலைகளில் உள்ள பங்குதாரர்களின் கருத்துகளை ஒருங்கிணைத்து ஒரு பண்பாட்டு மாற்றத்தை முன்னெடுத்தேன்' என்று ஆகிவிட்டது. இலக்கணப் பிழை ஏதுமில்லை, சொல் எண்ணிக்கையும் வரம்புக்குள் இருந்தது; ஆனால் அந்த இளைஞரும் இல்லை, நோட்டுப் புத்தகமும் இல்லை, நான் செய்த தவறும் இல்லை. செப்டம்பர் மாதக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்ததாலும், இத்தனை விண்ணப்பங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியாதா என்று எண்ணியதாலும், அதை அப்படியே சமர்ப்பித்தேன். அந்த வாரங்களில் ஆலோசகரிடமிருந்து ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் வர நான்கு நாட்கள்கூட ஆயின. முதல் சுற்றின் கடைசித் தேதிகள் பெரும்பாலான கல்லூரிகளில் ஒன்றையொன்று ஒட்டியே வருவதால், எல்லா வாடிக்கையாளர்களும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டுகிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் அது அவர்களுக்கும் முன்பே தெரிந்த ஒன்றுதானே.

அந்த வாக்கியத்தின் விலை நேர்காணலில்தான் தெரிந்தது. எம்.பி.ஏ. நேர்காணல்கள் இரு வகைப்படும். சில கல்லூரிகளில் நேர்காணல் செய்பவர் நம் சுயவிவரக் குறிப்பை மட்டுமே பார்த்திருப்பார். வேறு சில கல்லூரிகளில் முழு விண்ணப்பத்தையும் வரி வரியாகப் படித்துவிட்டு வருவார். எனக்கு நேர்ந்தது இரண்டாவது வகை. நேர்காணல் செய்தவர் மிகவும் கனிவோடு, "இங்கே பண்பாட்டு மாற்றம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மாற்றத்தின் முதல் நாளில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் உண்மையான பதில் இருந்தது, ஆனால் அது என் கட்டுரையில் இருந்த மனிதருடைய பதில் அல்ல. இரண்டையும் இணைக்க முயன்று தடுமாறினேன். நிராகரிப்புக்கு அதுதான் காரணம் என்று நான் சாதிக்கமாட்டேன். என் சொந்த அனுபவத்தைப் பற்றிய கேள்விக்கே நான் திணறினேன் என்பது மட்டும் உறுதி, அந்த வருத்தம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பரிந்துரைக் கடிதங்களைப் பொறுத்தவரை இந்தச் சேவையின் வழிகாட்டலை யாரும் பின்பற்றக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். கடிதத்தின் வரைவை அவர்களே எழுதித் தருவதாகவும், என் மேலாளர் அதைப் படித்துப் பார்த்துப் பதிவேற்றினால் போதும் என்றும் கூறினார்கள். கடிதம் பரிந்துரைப்பவரின் சொந்த எழுத்தாக இருக்க வேண்டும் என்று கல்லூரிகள் தம் விதிகளில் தெளிவாகச் சொல்கின்றன. அதை மீறுவது விண்ணப்பத்தின் நேர்மையையே கேள்விக்குள்ளாக்கும். விதியை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் அது நல்ல யோசனை அல்ல. பல கல்லூரிகள் பயன்படுத்தும் பொதுப் பரிந்துரைப் படிவத்தில், விண்ணப்பதாரருக்கு நீங்கள் சொன்ன மிக முக்கியமான திருத்தம் என்ன, அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று ஒரு கேள்வி வருகிறது. இதற்கு வெளியிலிருந்து ஒருவர் பதில் எழுதினால், குறை போலத் தோன்றும் ஒரு பாராட்டைத்தான் எழுதுவார். நான் மறுத்துவிட்டு, நாங்கள் சேர்ந்து செய்த வேலைகளை நினைவூட்டும் ஒரு பக்கக் குறிப்பை மட்டும் மேலாளரிடம் கொடுத்தேன். ஒவ்வொரு பழுதையும் நானே போய்ச் சரிசெய்யத் துடிப்பேன் என்றும், பிறரை நம்பி ஒப்படைக்க எனக்கு ஓராண்டு பிடித்தது என்றும் எழுதியதாக அவரே பின்னர் என்னிடம் சொன்னார். என்னைப் பற்றி அதைவிட உண்மையான வரி என் விண்ணப்பத்தில் வேறெங்கும் இல்லை.

கல்லூரித் தேர்வு குறித்த ஆலோசனை சுமாரானது. பத்து மாதங்களில் முடியும் இன்சியாட் வணிகக் கல்லூரியின் படிப்புக்கும், இரண்டு ஆண்டுகள் நீளும், நடுவில் கோடைக்காலப் பயிற்சிப் பணிக்கு இடம் தரும் படிப்புகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சரியாக விளக்கினார்கள். துறை மாற விரும்புகிறவருக்கு அந்தப் பயிற்சிப் பணி எவ்வளவு முக்கியம் என்பதை அவர்கள் சொல்லித்தான் நான் உணர்ந்தேன். மற்றபடி அந்த அறிக்கையில் இருந்தவை அனைத்தும் கல்லூரிகளின் இணையதளங்களிலேயே கிடைப்பவை.

மாதிரி நேர்காணல்கள் இந்தச் சேவையின் இரண்டாவது நல்ல பகுதி. குறிப்பாக, வார்ட்டன் வணிகக் கல்லூரி நடத்தும் குழு விவாதத்திற்கான பயிற்சியைச் சொல்ல வேண்டும். அங்கே ஐந்தாறு விண்ணப்பதாரர்களை ஒன்றாகச் சேர்த்து, ஒரு தலைப்பைக் கொடுத்து, குழுவாக ஒரு முடிவுக்கு வரச் சொல்கிறார்கள். அதைத் தொடர்ந்து ஒவ்வொருவருடனும் சுருக்கமான தனி உரையாடலும் உண்டு. இதைத் தனியாக வீட்டில் பயிற்சி செய்ய வழியே இல்லை. சேவை தன் வாடிக்கையாளர்களில் ஆறு பேரைச் சேர்த்து மூன்று முறை நடத்தியது. முதல் முறை நான் அதிகமாகப் பேசினேன். பதிவைப் போட்டுக் காட்டியபோது, அமைதியாக இருந்த ஒருவரின் நல்ல யோசனை என் பேச்சில் அமுங்கிப்போனதை நானே கேட்டேன். நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வந்த அந்த இளைஞரை அப்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை. மூன்றாவது முறை அந்த அமைதியானவரைப் பேச அழைத்தது நான்தான்.

ஜனவரியில் வந்த இரண்டாம் சுற்றுக்கு மொழிச் செம்மையாளரின் பங்கை முற்றிலும் மறுத்துவிட்டேன். ஆலோசகரோடு மேலும் இரண்டு மணி நேரம் பேசி, கட்டுரைகளை நானே எழுதி, எழுத்துப்பிழைகளை மட்டும் பார்க்கும்படி ஒரு நண்பரிடம் கொடுத்தேன். 'இரண்டு முறையும் நான் கேட்கவில்லை' என்ற வாக்கியம் எழுதியபடியே போயிற்று.

எனவே இந்தச் சேவையை நாடுவோர் முழுத் தொகுப்பை வாங்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. மணிக்கணக்கில் வாங்கும் திட்டமும் அவர்களிடம் உண்டு, ஆனால் கேட்டால்தான் சொல்கிறார்கள். அதில் தொடக்க உரையாடலுக்கு நான்கு மணி நேரமும், மாதிரி நேர்காணல்களுக்கு நான்கு மணி நேரமும் எடுத்துக்கொள்ளலாம். முதல் சுற்றுக்கு விண்ணப்பிப்பவர்கள் தொடக்க உரையாடலை ஜூன் மாதத்திற்குள் முடித்துக்கொள்வது நல்லது. ஆகஸ்ட் இறுதிக்குப் பிறகு அந்த ஆலோசகரின் கவனம் கிடைப்பது அரிது. ஏற்கெனவே முழுத் தொகுப்பை வாங்கிவிட்டவர்கள், மொழிச் செம்மைக்கென மீதமுள்ள மணி நேரத்தை மாதிரி நேர்காணல்களாக மாற்றித் தரும்படி எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதி இல்லாதபோதும், நான் கேட்ட மறுநாளே மாற்றித் தந்தார்கள்.