சாக்லேட்டுக்குக் கொழுப்பு, பிஸ்கட்டுக்கு வேக்காடு: கடைச் சரக்குகளைச் சுவைத்து இட்ட மதிப்பெண்கள்

கோயம்புத்தூரில் எங்கள் தெருமுனை மளிகைக் கடை, ஒரு பெரிய பல்பொருள் அங்காடி, இரண்டு பேக்கரிகள் ஆகிய இடங்களில் வாங்கிய சாக்லேட்டுகளையும் பிஸ்கட்டுகளையும் சென்ற தை மாதத்தில் ஆறு மாலைகள் அமர்ந்து நானும் என் அண்ணியும் அவருடைய பன்னிரண்டு வயது மகனும் சுவைத்து மதிப்பெண் இட்டோம். தை மாதத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சித்திரையிலும் வைகாசியிலும் நம் ஊர்க் கடைகளில் சாக்லேட் வாங்கினால், செய்தவரின் கைத்திறனைவிட, வண்டியிலும் கிடங்கிலும் அது பட்ட வெயிலே நம் நாக்குக்கு முதலில் தெரியும்.

உறையைப் பார்த்துவிட்டால் அதன் பெயருக்கேற்ப நாக்கு பேசத் தொடங்கிவிடும் என்பதால், என் அண்ணன் சமையலறையிலேயே உறைகளைப் பிரித்து, எண்ணிட்ட தட்டுகளில் துண்டுகளை வைத்துக் கொண்டுவந்தார். பிஸ்கட்டுகளின் மேல் பெயர் அச்சாகியிருப்பதால் அவற்றை உடைத்தே வைத்தார். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் ஒரு வாய் வெந்நீரும் சிறிது பொரியும் எடுத்துக்கொண்டோம். மூவரும் தனித்தனியே தாளில் எண்ணை எழுதிய பிறகே வாய் திறந்து பேசுவது என்று முடிவு செய்துகொண்டோம். பத்துக்கு எத்தனை என்று கீழே நான் குறிப்பிடுவது மூவரின் சராசரியை.

சாக்லேட்டின் உயிர், கொக்கோ விதையின் கொழுப்பான கொக்கோ வெண்ணெயில் இருக்கிறது. அது ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகும். நம் உடலின் சூடு 37 டிகிரி. அந்த மூன்று டிகிரி இடைவெளிதான், தட்டில் கட்டியாக இருக்கும் ஒரு பொருள் நாக்கில் பட்டவுடன் குளிர்ச்சியாகக் கரைந்து ஒன்றும் மிச்சம் வைக்காமல் போவதற்குக் காரணம். இந்தக் கொழுப்பு ஆறு விதப் படிகங்களாக உறையக்கூடியது. அவற்றுள் ஐந்தாவது வடிவம் மட்டுமே பளபளப்பையும், உடைத்தால் 'டக்' என்ற ஓசையையும், சீரான உருகலையும் தரும். உருக்கிய சாக்லேட்டை அளவோடு ஆறவைத்து, கிளறி, மீண்டும் இலேசாகச் சூடேற்றி அந்த ஐந்தாவது வடிவத்துக்குக் கொண்டுவருவதற்கே ஆலைகளில் அத்தனை பாடுபடுகிறார்கள். கொக்கோ வெண்ணெய் விலை உயர்ந்தது. ஆகவே அதன் இடத்தில் மலிவான தாவரக் கொழுப்பைப் புகுத்தும் ஆசை எப்போதும் இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் சாக்லேட் என்ற பெயரில் விற்கப்படும் பொருளில் 5 விழுக்காடு வரை மட்டுமே பிற தாவரக் கொழுப்பை அனுமதிக்கின்றன. சேர்த்திருந்தால் அதை உறையில் சொல்லியாக வேண்டும். அந்த வரம்பைத் தாண்டியவை 'காம்பவுண்ட்', 'சாக்கோ' போன்ற சொற்களோடு வரும். உறையின் முன்பக்கத்துப் படம் இரண்டுக்கும் ஒன்றுபோலவே இருக்கலாம். பின்பக்கத்துச் சிறிய எழுத்தில்தான் உண்மை இருக்கிறது.

முதல் மாலையில் இரண்டாம் தட்டில் இருந்தது அத்தகைய ஒன்று. மளிகைக் கடையில் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்த, பெயரை இங்கே சொல்லாமல் விடுகிற அந்தக் கட்டி, பார்வைக்குப் பளபளப்பாகவே இருந்தது. வாயில் இட்டபோது இனிப்பு உடனே வந்தது. ஆனால் கொழுப்பு கரையாமல் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "அத்தை, இது மெழுகுவத்தி மாதிரி இருக்கு" என்றான் மருமகன். அவன் இட்டது 3. நானும் அண்ணியும் 2. பிறகு உறையைத் திருப்பிப் பார்த்தோம். சர்க்கரைக்கு அடுத்து ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்பு என்று எழுதியிருந்தது, கொக்கோ வெண்ணெய் என்ற சொல்லே இல்லை. உட்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில்தான் அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. எனவே வரிசையில் எது எங்கே நிற்கிறது என்று பார்க்கப் பழகிய குழந்தை, கடையில் நிற்கும்போதே பாதிச் சுவையை அறிந்துகொள்ளும்.

கேட்பரி டெய்ரி மில்க் நமக்கெல்லாம் அளவுகோல் போன்றது. இங்கிலாந்தில் 1905இல் பிறந்தது. அந்த நிறுவனம் இந்தியாவுக்கு வந்தது 1948இல். அதன் உட்பொருள் வரிசையில் சர்க்கரை முதலில் வருகிறது, பிறகு பால் திடப்பொருள், அதன் பின் கொக்கோ வெண்ணெய். பெயர் தெரியாமல் சுவைத்தபோது எங்களுக்கு முதலில் தட்டுப்பட்டது காய்ச்சிச் சுண்டிய பாலின் மணம். பால்கோவாவின் தூரத்து உறவு என்று அண்ணி எழுதியிருந்தார். உருகுவது சீராகவே இருந்தது. இனிப்பு என் நாக்குக்கு ஒரு படி அதிகம் என்பதால் நான் 6 இட்டேன், மருமகன் தயங்காமல் 9 இட்டான், அண்ணி 7½. சராசரி 7½ என்பது நியாயமான எண்தான்.

அடுத்த தட்டில் இருந்த காம்ப்கோவின் பால் சாக்லேட்டை மூவரும் வேறு ஏதோ பெரிய நிறுவனத்தினுடையது என்றே எண்ணினோம். காம்ப்கோ என்பது மங்களூரில் 1973இல் பாக்கு விவசாயிகளுக்காகத் தொடங்கப்பட்ட கூட்டுறவுச் சங்கம். பாக்குத் தோப்புகளுக்குள் ஊடுபயிராகக் கொக்கோ வைத்த விவசாயிகள் விலை சரிந்து தவித்தபோது கொள்முதலில் இறங்கியது. பிறகு 1986இல் கர்நாடகத்தின் புத்தூரில் சொந்தச் சாக்லேட் ஆலையையே கட்டியது. விளைவித்தவர்களுக்கே உரிமையான ஆலையில் செய்த சாக்லேட், உறையின் அலங்காரத்தில் எளிமையாகவும் விலையில் அடக்கமாகவும் இருக்கிறது. பால் மணம் குறைவு. கொக்கோவின் வறுத்த மணம் சற்றுத் தூக்கல். 7½. இது எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

கருஞ்சாக்லேட்டுக்கு வருவோம். அமுல் நிறுவனம் கொக்கோ 55, 75, 90, 99 விழுக்காடு என்று படிப்படியாகச் செய்கிறது. நான்கையும் ஒரே மாலையில் ஏறுமுகமாகச் சுவைத்தோம். கொக்கோ என்பது என்ன என்று அறிய விரும்பும் எவரும் ஒருமுறையாவது இப்படிச் செய்து பார்க்க வேண்டும் என்று மனமாரச் சொல்வேன். 55இல் இனிப்பு முன்னே நின்று கசப்பு பின்னே வருகிறது. மருமகனும் இதை விரும்பித் தின்றான். 75இல் இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன, கூடவே நாவல் பழத்தின் கொட்டையோடு ஒட்டியிருக்கும் சதையைப் போன்ற துவர்ப்பு ஒன்று எட்டிப் பார்க்கிறது. 90இல் இனிப்பு ஏறக்குறைய விடைபெற்றுவிடுகிறது. 99ஐத் தனியே தின்ன முடியவில்லை. ஆனால் சர்க்கரை போட்ட டிகிரி காப்பியோடு ஒரு நகமளவு துண்டை வாயில் அடக்கிக்கொண்டபோது, காப்பியும் கொக்கோவும் ஒரே வகை வறுவலின் இரண்டு முகங்கள் என்பது விளங்கியது. 55க்கு 8, 75க்கு 8½, 90க்கு 6½. 99க்கு எண் இடவில்லை, அது தின்பண்டத்தைவிடச் சமையல் பொருளுக்கே நெருக்கமானது. விலைக்குக் கிடைக்கும் கொக்கோவைக் கணக்கிட்டால், பட்டியலில் முதலிடம் 75 விழுக்காட்டுக் கட்டிக்குத்தான்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளின் நிழலில் கொக்கோ விளைகிறது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. அங்கே தம் தோட்டத்துக் காயைத் தாமே உடைத்து, தாமே சாக்லேட் ஆக்கும் 'சோக்லெட்' என்ற சிறு தயாரிப்பாளரின் 70 விழுக்காட்டுக் கட்டியையும், ஆரோவில்லில் செய்யப்படும் 'மேசன் அண்ட் கோ'வின் கருஞ்சாக்லேட்டையும் கடைசி மாலைக்கென்று வைத்திருந்தோம். கொக்கோ விதையைக் காயிலிருந்து எடுத்தவுடன் தின்றால் அதில் சாக்லேட்டின் மணம் துளியும் இராது. வெண்ணிறச் சதையோடு மரப்பெட்டிகளில் குவித்து ஐந்தாறு நாள் புளிக்க வைத்த பிறகே அந்த மணத்துக்கான வித்து அதற்குள் உருவாகிறது. வெயிலில் காய்வதும் வறுபடுவதும் அதை வெளிக்கொணர்கின்றன. பெரும் ஆலைகள் பல இடத்து விதைகளைக் கலந்து ஒரே சுவையை ஆண்டு முழுதும் காக்கின்றன. சிறு தயாரிப்பாளர்கள் ஒரு தோட்டத்தின் குணத்தை அப்படியே விட்டுவைக்கிறார்கள். ஆனைமலைக் கட்டியில் உலர்திராட்சையின் புளிப்பு தெளிவாக வந்தது. உருகி முடிந்த பிறகும் அந்தப் புளிப்பு நாக்கின் ஓரத்தில் நெடுநேரம் நின்றது. அண்ணி எழுதிய சொல் 'கொடம்புளி'. 9. ஆரோவில் கட்டி அதைவிட அமைதியானது, வறுத்த முந்திரியை நினைவூட்டுவது. 8½. இரண்டும் விலை கூடியவை. ஆனால் 2024இல் உலகச் சந்தையில் கொக்கோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டிய பின், மலிவான கட்டிகளில் கொக்கோ எப்படி இருக்க முடியும் என்ற கேள்வியை நாம் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பல்பொருள் அங்காடியில் வாங்கிய ஒரு கட்டி மட்டும் மேலே சாம்பல் பூத்திருந்தது. பூஞ்சை என்று அண்ணன் பயந்தார். அது பூஞ்சை அன்று. எங்கோ ஒருமுறை சூடு பட்டு இளகி மீண்டும் உறைந்ததில், கொழுப்பு மேற்பரப்புக்கு வந்து படிந்திருந்தது. தின்றால் கெடுதி இல்லை, ஆனால் வாயில் மணல்போல் நெருடும். குளிர்பெட்டியை இரவில் அணைத்துவிடும் கடைகளில் இது நேரும். இது கடைக்காரரின் பிழை என்பதால் செய்தவருக்கு எண் இடாமல் ஒதுக்கிவிட்டோம். உறையின் மேலிருந்தே அழுத்திப் பார்த்து, கட்டங்கள் கூர்மையாக இருக்கின்றனவா, மழுங்கியிருக்கின்றனவா என்று அறிந்து வாங்குவது நல்லது.

சாக்லேட்டுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் நிற்பது கிட்கேட். 1935இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வேறு பெயரோடு தொடங்கியது. 1988இல் நெஸ்லேயின் கைக்கு வந்தது. அதன் இன்பம் வேஃபரின் மொறுமொறுப்பில் இருக்கிறது. 7.

பிஸ்கட்டைப் பொறுத்தவரை என் கவனமெல்லாம் வேக்காட்டில். மாவும் சர்க்கரையும் எண்ணெயும் ஏறத்தாழ எல்லோருக்கும் ஒன்றே. அடுப்பில் அரை நிமிடம் கூடக்குறைய இருந்ததுதான் வேறுபாட்டை உண்டாக்குகிறது. இதை மேரி பிஸ்கட்டைப்போல் காட்டிக்கொடுப்பது வேறொன்றில்லை, ஏனென்றால் கொழுப்பும் இனிப்பும் குறைந்த அதில் பிழையை மறைக்க ஒன்றும் இல்லை. 1874இல் இரஷ்ய இளவரசி மரியா இங்கிலாந்து அரச குடும்பத்தில் மணமுடித்தபோது லண்டனின் பீக் ஃப்ரீன் நிறுவனம் அவர் பெயரால் செய்தது அது. அதே நிறுவனமே 1910இல் போர்பனையும் செய்தது. 1892இல் கொல்கத்தாவில் பிறந்த பிரிட்டானியா 1920களில் அதன் பிடிக்குள் வந்தது. நம் டீக்கடைப் பாட்டில்களில் மேரியும் போர்பனும் அருகருகே இருப்பதற்குப் பின்னால் இப்படி ஒரு வழி இருக்கிறது. மேரியின் மேலுள்ள துளைகள் அழகுக்காக இட்டவை அல்ல. நன்கு பிசைந்து இழுவை ஏறிய மாவு அடுப்பில் பூரிபோல் உப்பிவிடாமல், ஆவி வெளியேறுவதற்காகக் குத்தப்படுபவை.

பிரிட்டானியா மேரி கோல்டின் அடிப்பக்கம் சீரான வெளிர்பழுப்பு. கடித்தால் சுத்தமாக முறிகிறது. மென்றபின் வறுத்த கோதுமையின் மணம் வருகிறது. 8. அதனோடு வைத்த இன்னொரு மேரி, பெயர் வேண்டாம், அடியில் வெளுத்திருந்தது. பச்சை மாவின் வாசம் விலகவில்லை. 4. பிஸ்கட்டைத் திருப்பி அடியைப் பாருங்கள், விளிம்பு மட்டும் கருத்து நடு வெளுத்திருந்தால் அது அவசரமாக எடுக்கப்பட்டது.

பார்லே-ஜியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்று எண்ணியிருந்தேன். உடைத்துப் பெயரில்லாமல் வந்தபோது, அதன் இலேசான கருகல் இனிப்பு எங்களை வியக்க வைத்தது. சர்க்கரைப் பாகு சேர்ந்த மாவு அடுப்பில் விரைவாகச் சிவப்பதால் வருவது அந்தச் சுவை. மும்பையில் 1939இல் பிஸ்கட் செய்யத் தொடங்கிய அந்த நிறுவனம், இந்த விலையில் இத்தகைய வேக்காட்டைக் காப்பதை மதிக்காமல் இருக்க முடியாது. தேநீரில் அதை நனைத்தால் இரண்டு எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும்; மேரி ஐந்து வரை பொறுக்கும். 8½. மில்க் பிக்கிஸ் பாலின் மணத்தால் 7½ பெற்றது. போர்பனின் மேலுள்ள சர்க்கரைப் பரல்கள் நன்று, 7. மற்ற கிரீம் பிஸ்கட்டுகளில் நாங்கள் சுவைத்தவை அனைத்தும் சர்க்கரையும் எண்ணெயும் குழைத்த பூச்சுகளே. 4க்கு மேல் எதுவும் போகவில்லை.

பேக்கரிகளில் நிறுத்து வாங்கிய வெண்ணெய் பிஸ்கட்டுகளில் ஒரு கடையினது சிக்கு வாடை அடித்தது. கண்ணாடிப் பாட்டிலில் வெளிச்சம் பட நாளாகக் கிடந்திருக்க வேண்டும். மற்றொரு கடையில் மாலை நான்கு மணிக்குத் தட்டோடு வெளியே வந்ததை வாங்கினோம். வாயில் இட்டதும் உதிர்ந்து கரைந்த அதற்கு மூவரும் ஒரே எண்ணை எழுதியிருந்தோம்: 9.

கடைசியாக, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கி. அண்ணன் உதகையிலிருந்து திரும்பும்போது அரைக் கிலோ வாங்கி வந்திருந்தார். கோணல்மாணலான உருவமும், அடுக்கடுக்காகப் பிரியும் உடலும், விரலில் ஒட்டும் நெய்ப்பசையும் கொண்ட அதை ஆலை பிஸ்கட்டோடு ஒப்பிடுவது சரியா என்று சற்று விவாதித்தோம், பிறகு எண் இட்டோம்: 9. நான்காம் நாள் மிச்சமிருந்தவை நமுத்துப்போயின. அண்ணி அவற்றைக் காய்ந்த தோசைக்கல்லில் சிறு தீயில் இரண்டு நிமிடம் திருப்பிப் போட்டு, முழுதும் ஆறியபின் இஞ்சித் தேநீரோடு கொடுத்தார். அடுக்குகள் மீண்டும் நொறுங்கின, மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை.