வி.எல்.சி.யா, எம்.எக்ஸ். பிளேயரா?

போனில் எம்.கே.வி. என்ற வகை வீடியோ கோப்பு ஒன்றைத் திறக்கிறீர்கள். படம் தெளிவாக ஓடுகிறது, வாய் அசைகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. கோப்பு பழுது என்று நினைத்து அழித்துவிடுபவர்கள் நிறைய. அழிக்க வேண்டாம். அந்தக் கோப்பின் ஒலி பெரும்பாலும் ஏசி3, இஏசி3, டிடிஎஸ் என்ற வகைகளில் ஒன்றாக இருக்கும். திறந்த ஆப்புக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வீடியோ ஓட்டும் ஆப்களான வி.எல்.சி.யும் எம்.எக்ஸ். பிளேயரும் இந்த ஒரு இடத்திலேயே பிரிந்துவிடுகின்றன. எம்.எக்ஸ். பிளேயர் உரிமச் சிக்கலால் இந்த ஒலி வகைகளைக் கைவிட்டது. வேண்டுமென்றால் அந்த ஒலியைப் படிக்க உதவும் கோடெக் கோப்பைத் தனியாகத் தேடி இறக்கி, செட்டிங்ஸில் போய்ச் சேர்க்க வேண்டும். வி.எல்.சி.யில் அந்த வேலையே இல்லை. ஒலியைப் படிக்கத் தேவையான டிகோடர்கள் ஆப்புக்குள்ளேயே இருக்கின்றன, திறந்தால் பாடும். அப்பா அம்மா போனில் எதைப் போட்டுக் கொடுக்கலாம் என்று யாராவது கேட்டால், இதற்காகவே வி.எல்.சி. என்று தயங்காமல் சொல்வேன்.

வி.எல்.சி.யில் விளம்பரம் கிடையாது. 1996இல் பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்களின் புராஜெக்டாகத் தொடங்கியது, இன்று வீடியோலேன் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பின் கையில் இருக்கிறது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. எம்.எக்ஸ். 2011இல் வந்தது, 2018இல் டைம்ஸ் இன்டர்நெட் அதை வாங்கியது. அதன்பின் ஸ்ட்ரீமிங்கும் உள்ளே நுழைந்தது. சொந்தக் கோப்பைப் பார்க்க வந்தவருக்கு அது தேவையில்லாத கூட்டம். இலவசப் பதிப்பில் விளம்பரமும் வரும்.

அப்புறம் ஏன் இத்தனை பேர் எம்.எக்ஸை விடுவதில்லை? விரலுக்கு அது அவ்வளவு பழகிப்போகும். இடப்பக்கம் தடவினால் வெளிச்சம், வலப்பக்கம் தடவினால் சத்தம் என்பது வி.எல்.சி.யிலும் உண்டு. ஆனால் சப்டைட்டில் விஷயத்தில் எம்.எக்ஸ். தனி ரகம். ஓடும் வரியின் மேலேயே விரலை வைத்துப் பக்கவாட்டில் இழுத்தால் முந்தைய வசனத்துக்கோ அடுத்த வசனத்துக்கோ போய்விடலாம். மேலும் கீழும் நகர்த்தலாம், இரண்டு விரலால் எழுத்தைப் பெரிதாக்கலாம். வேற்றுமொழிப் படம் பார்த்து மொழி கற்பவர்களுக்கு இது பெரிய வரம். ஒரே வசனத்தைப் பத்து முறை கேட்க பத்து இழுப்பு போதும்.

இன்னொன்று, டிகோடிங். வீடியோவை விரிக்கும் வேலையை போனின் பிரத்யேகச் சிப் செய்தால் பேட்டரி மிச்சமாகும், போன் சூடாகாது. பிராசசரே செய்தால் இரண்டும் போச்சு. எம்.எக்ஸில் எச்டபிள்யூ, எச்டபிள்யூ+ (இரண்டும் சிப் வழி), எஸ்டபிள்யூ (பிராசசர் வழி) என்று திரையிலேயே மாற்றிக்கொள்ளலாம். படம் திக்கினால் உடனே அடுத்ததைத் தொட்டுப் பார்க்கலாம். வி.எல்.சி.யில் இதற்கு செட்டிங்ஸுக்குள் போக வேண்டும். ஏவி1 போன்ற புதிய வீடியோ வடிவங்களைப் பழைய போன்களின் சிப் அறியாது. அங்கே எந்த ஆப் போட்டாலும் போன் சுடத்தான் செய்யும்.

வீட்டுக் கணினியில் இருக்கும் படங்களை நகலெடுக்காமல் வைஃபை வழியாகப் பார்ப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், வி.எல்.சி.தான். நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர் அதிலேயே தெரியும். ஐபோனிலும் அது கிடைக்கிறது.

மூன்றாவதாக எம்.பி.வி. என்று ஒன்று ஆண்ட்ராய்டில் உண்டு. இதுவும் இலவசம், திறந்த மூலம். அழகான நூலகப் பக்கமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். கோப்பைத் தேர்ந்தெடுத்தால் ஓட்டும். ஆனால் படத்தின் தரத்தை ஒவ்வொரு அளவாக, அமைப்புகளுக்கான ஒரு கான்ஃபிக் கோப்பில் எழுதித் திருத்திப் பார்க்க ஆசைப்படுபவர் ஒருமுறை இதைத் தொட்டால் மற்ற இரண்டுக்கும் திரும்புவது கஷ்டம்.