இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மாலையில் என்ன? டியூஷன், அபாகஸ், செல்போன், வீட்டுச் சிலேட்டு: ஓர் ஒப்பீடு

52லிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் 35 என்று எழுதுவார்கள். ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. எது மேலே, எது கீழே என்று பார்க்காமல் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிறார்கள். ‘நூற்றி ஐந்து’ என்று சொன்னால் 1005 என்று எழுதுவதும் இந்த வகைதான். காதில் விழுந்த நூறை முழுசாக எழுதிவிட்டு, பக்கத்தில் ஐந்தைப் போடுகிறார்கள். கவனம் இல்லை என்று திட்டிப் பயனில்லை, இடத்தைப் பொறுத்து இலக்கத்தின் மதிப்பு மாறும் என்கிற இடமதிப்பு இன்னும் மனதில் உட்காரவில்லை. கடலூரிலும் புதுச்சேரியிலும் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு மாலையில் கிடைக்கும் வழிகளை ஒப்பிட உட்கார்ந்தபோது எல்லாவற்றிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். இந்த 35 யார் கண்ணில் படும், பட்டபின் அவர் என்ன செய்வார்?

அதற்கு முன் ஒரு விஷயம். 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018லேயே சொல்லிவிட்டது. அந்த நீதிமன்றத்தின் எல்லையில்தான் புதுச்சேரியும் வருகிறது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு இந்த இரண்டு வகுப்புகளுக்கும் புத்தகப் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. நடைமுறை எப்படி என்பது காலையில் பள்ளி வேனில் பைகளை ஏற்றிவிடும் அப்பாக்களுக்குத் தெரியும். ஆனால் பெற்றோர் இதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். மாலைப் பயிற்சி என்பது பள்ளி வேலையை முடிப்பதாக இருக்க வேண்டியதில்லை, பிள்ளைக்கு எது வரவில்லையோ அதற்கானதாக இருக்கலாம்.

எது வர வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோலும் இருக்கிறது. 2021ல் மத்திய அரசு தொடங்கிய ‘நிபுண் பாரத்’ திட்டம், இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் 999 வரை எண்களைப் படித்து எழுத வேண்டும், 99 வரையிலான எண்களில் கழிக்கத் தெரிய வேண்டும், பொருள் புரிந்து நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள் வாசிக்க வேண்டும் என்கிறது. கணக்குப் பகுதி சரி. வாசிப்பு வேகத்தைத் தமிழுக்கு அப்படியே வைத்துக்கொண்டு யாரும் கைக்கடிகாரத்தோடு உட்கார வேண்டாம். ‘ஓடிக்கொண்டிருந்தவன்’ நமக்கு ஒரே சொல். தடுமாறாமல் ஒரு பத்தி படித்து, என்ன படித்தாய் என்று கேட்டால் கதையைச் சொல்கிற பிள்ளை நன்றாகத்தான் படிக்கிறது.

சரி, முதலில் டியூஷன். மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும், அந்தப் பக்கம் லாஸ்பேட்டையிலும் முதலியார்பேட்டையிலும், தெருவுக்கு ஒரு வீட்டு வாசலில் இருபது ஜோடிச் செருப்பு கிடக்கும். கல்லூரி முடித்த ஒரு பெண், ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒரே கூடத்தில். கூப்பிட வரும் அம்மாவிடம், “எல்லாம் எழுதிட்டாக்கா, நாளைக்கு டெஸ்ட், அது மட்டும் படிக்கச் சொல்லுங்க” என்பார். அந்த ‘எல்லாம் எழுதிட்டா’வில்தான் சிக்கல். எட்டாம் வகுப்புப் பையனுக்கு இயற்கணிதம் சொல்லிக்கொண்டிருக்கும்போது சின்னப் பிள்ளையின் 35ஐ ரப்பரால் அழித்து 25 என்று சொல்லிக் கொடுப்பதற்குத்தான் நேரம் இருக்கும். நோட்டில் எல்லாம் சரி, பள்ளி ஆசிரியருக்கும் தவறு தெரியாது. தவறை மறைத்துத் தருவது டியூஷனின் பெரிய குறை என்பேன்.

எழுத்துப் பயிற்சியிலும் அதே கதை. இரட்டைக் கோடு நோட்டில் பத்துத் தடவை பார்த்து எழுதச் சொல்வது டியூஷனுக்குச் சுலபம், பிள்ளையும் சத்தம் போடாது. ஆனால் முத்து முத்தாகப் பார்த்து எழுதும் பிள்ளையிடம் அதே வாக்கியத்தைச் சொல்லி எழுதச் சொல்லிப் பாருங்கள். ‘கொடி’ என்பது ‘கெடி’ ஆகியிருக்கும். கொம்பை முன்னால் போட்டு, எழுத்தை எழுதி, பின்னால் காலை இழுக்க வேண்டும் என்பது காதில் கேட்கும் வரிசைக்கு ஒத்துவராத வேலை, அதனால் கால் விட்டுப்போகிறது. பார்த்து எழுதும்போது இது வெளியே வரவே வராது.

டியூஷனுக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வீட்டில் ஏழு மணி வரை பெரியவர் யாரும் இல்லையென்றால், பாதுகாப்பான இடத்தில் நாலு பிள்ளைகளோடு உட்கார்ந்து நோட்டைத் திறப்பதே பெரிய விஷயம். கட்டணமும் மாதம் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது.

அபாகஸ் வகுப்புகள் வேறு ரகம். கட்டணம், கிட், நிலைக்கு நிலை தேர்வு, மேடை, கோப்பை. கருவி ஜப்பானிய சோரோபான் வகை. ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஐந்து மதிப்புள்ள ஒரு மணி, கீழே ஒன்று மதிப்புள்ள நாலு மணி. 7ஓடு 8 கூட்ட வேண்டுமென்றால் பத்தைப் போட்டு இரண்டை எடுப்பார்கள். நல்ல உத்திதான், விரல் பழகியபின் வேகம் வரும். சிக்கல் இந்த வயதில்தான். அபாகஸில் இடமிருந்து வலமாகக் கூட்டுவார்கள், பள்ளியில் ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கி மீதியைப் பத்தாம் இடத்துக்கு ஏற்றச் சொல்வார்கள். இரண்டும் அதே ஆண்டில் வந்து மோதினால் சில பிள்ளைகள் குழம்புகிறார்கள். இடமதிப்பு புரிந்த பிள்ளைக்கு அபாகஸ் வேகம் தரும். புரியாத பிள்ளைக்கோ, விடை சரியாக வருவதால் புரியாதது மறைந்துகொள்ளும். மூன்றாம் வகுப்புக் கடைசியிலோ நான்காம் வகுப்பு கோடை விடுமுறையிலோ சேர்த்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. வாசிப்பு, எழுத்துக்கு இதில் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்கைத் துண்டறிக்கையில் ‘ஞாபக சக்தி, ஒருமுகம், எல்லாப் பாடத்திலும் முன்னேற்றம்’ என்று போட்டிருந்தால் அந்த வரியைத் தாண்டிப் படியுங்கள்.

அச்சிட்ட பயிற்சித்தாள்களுக்கு என் மதிப்பெண் கொஞ்சம் அதிகம். உலகம் முழுக்கப் பரவிய குமோன் முறையே 1954ல் ஜப்பானில் தோரு குமோன் என்ற கணித ஆசிரியர் இரண்டாம் வகுப்பு படித்த தன் மகனுக்காகக் கணக்குத் தாள்கள் எழுதியதில்தான் தொடங்கியது. தினமும் கொஞ்சம், தெரிந்ததிலிருந்து அடுத்த படி, அவ்வளவுதான் தத்துவம். இதற்கு நாம் பணம் கட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களும் மத்திய அரசின் என்சிஇஆர்டி புத்தகங்களும் இணையத்தில் இலவசம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டதால் அங்கே என்சிஇஆர்டி 2023ல் இரண்டாம் வகுப்புக்குக் கொண்டுவந்த ‘ஜாய்ஃபுல் மேத்தமெட்டிக்ஸ்’ பக்கங்கள் பொருந்தும். கடலூர்ப் பிள்ளைக்குப் பருவ நூலும், தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் பயிற்சி நூலும் போதும். 2022ல் வந்த இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிப்பு. பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதை விட்டுவிட்டு, என்ன தெரிந்திருக்கிறது என்று பார்த்துப் பிரிக்கிறது. வீட்டிலும் அதையே செய்யலாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை 20க்குள் கழிக்கத் தடுமாறினால், வெட்கப்படாமல் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுங்கள்.

செல்போன் செயலிகளில் வாசிப்புக்கு ஒன்றைத் தைரியமாகச் சொல்வேன். கூகுளின் ‘ரீட் அலாங்’. 2019ல் ‘போலோ’ என்ற பெயரில் இந்தியாவில் வந்தது, பிறகு தமிழும் சேர்ந்தது. பிள்ளை சத்தமாகப் படிக்கப் படிக்க அது கேட்டு, தடுமாறிய சொல்லைக் காட்டிக் கொடுக்கும், சொல்லைத் தொட்டால் படித்தும் காட்டும். கதைகளை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் தேவையில்லை. ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருக்கு இது நிஜமான உதவி. “எனக்கே இங்கிலீஷ் வராது, நான் எப்படிச் சொல்லித் தர?” என்று தயங்கும் அம்மாக்கள் இரண்டு ஊரிலும் ஏராளம். ஆனால் சீரியல் ஓடும் கூடத்தில் இது வேலை செய்யாது, மைக்குக்கு அமைதி வேண்டும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், ஒவ்வொரு சொல்லையும் தொட்டுக் கேட்டுவிட்டுத் திருப்பிச் சொல்லி நட்சத்திரம் வாங்கிவிடுவார்கள். அதனால் வாரத்தில் ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார வேண்டும். கணக்குச் செயலிகள் பெரும்பாலும் நாலு விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்பவை. 35 எங்கிருந்து வந்தது என்று அவை கேட்பதில்லை. எழுத்துப் பயிற்சிக்கு விரலால் திரையைத் தேய்ப்பது பென்சில் பிடிக்க உதவாது.

இனி வீட்டுச் சிலேட்டு. நான் சாய்வது இந்தப் பக்கம்தான், ஏனென்றால் பிள்ளை எழுதும்போதே பார்க்க இங்கேதான் ஆள் இருக்கிறது. இருபது நிமிடம் போதும். 52இல் 27 போகுமா என்று பத்து ரூபாய் நோட்டு ஐந்தும் ஒரு ரூபாய் நாணயம் இரண்டும் கையில் கொடுங்கள். ஏழு ரூபாய் தர நாணயம் போதாது, ஒரு பத்தை மாற்றியே ஆக வேண்டும். அந்த மாற்றல்தான் ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்று நோட்டில் வருவது. கையால் மாற்றிப் பார்த்த பிள்ளை 35 எழுதுவது சீக்கிரம் குறைகிறது. பல்லாங்குழி இருந்தால் இன்னும் நல்லது. எண்ணிக்கை, பகிர்வு, முன்கூட்டி யோசிப்பது எல்லாம் பதினாலு குழியில் கிடைக்கும், பாட்டிக்கும் பொழுது போகும்.

எழுத்துக்கு, சொல்லச் சொல்ல மூன்றே வாக்கியம். ‘பள்ளிச் சுவரில் பல்லி ஓடியது’, ‘மலைமேல் மழை பெய்தது’ போல. ழகரத்தை நாமே ளகரமாகத்தான் உச்சரிக்கிறோம் என்பதால் காதை மட்டும் நம்பினால் பிள்ளை பாவம். ர, ற வித்தியாசமும் நிறையப் படித்தால்தான் கண்ணில் பதியும். தப்பான சொல்லை மட்டும் சிலேட்டில் இன்னொரு முறை எழுதினால் போதும், பத்துத் தடவை வேண்டாம். வாசிப்புக்குக் கதை. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015ல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளாக இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் நிலையில் தடுமாறாதபோது இரண்டாவதுக்குப் போகலாம். அச்சிட்டுக் கையில் கொடுப்பது திரையைவிட மேல்.

புதுச்சேரிக்காரர்களுக்குக் கூடுதல் வசதி, ரங்கப்பிள்ளை வீதியில் 1827லிருந்து இருக்கும் ரோமன் ரோலண்ட் நூலகம். கடலூருக்கு மாவட்ட மைய நூலகம். ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதிச் சந்தையில் பழைய படப் புத்தகங்கள் மாட்டும், பேரம் பேசலாம். கடலூருக்கு உள்ள வசதி ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற மாலை வகுப்புத் திட்டம். 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் தொடங்கி, முதல் கட்டமாக எடுத்த 12 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. மாலை ஐந்து முதல் ஏழுக்குள், அதே தெருவில் இருக்கும் தன்னார்வலர், கட்டணம் இல்லை. உங்கள் பகுதியில் இப்போது மையம் நடக்கிறதா என்று பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டுத் திட்டம் என்பதால், எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னியக்கோவிலிலோ பாகூரிலோ இதைத் தேட வேண்டாம்.

வீட்டில் இருபது நிமிடம் ஒதுக்க முடிந்தவர்களுக்குச் சிலேட்டும் கதையும், ஆங்கிலத்துக்கு மட்டும் செயலி. இதுவே என் தேர்வு. சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கும் அப்பாவும் ஜவுளிக் கடையில் ஒன்பது மணி வரை நிற்கும் அம்மாவும் இருக்கும் வீட்டில் டியூஷன்தான் நடைமுறை. அப்படியானால் சேர்க்கும் முன் டியூஷன் அக்காவிடம் மூன்று கேள்வி. ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை எத்தனை பிள்ளைகள்? பத்துக்கு மேல் என்றால் வேறு வீடு பாருங்கள். சொல்வதை எழுதச் சொல்வீர்களா, பார்த்து எழுத மட்டும்தானா? தப்பை ரப்பரால் அழிக்காமல் பக்கத்தில் சரியானதை எழுத வைக்க முடியுமா? மூன்றாவதற்குச் சரி என்றால், ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டை ஐந்து நிமிடம் புரட்டுங்கள். எந்த எழுத்திலும் எந்தக் கழித்தலிலும் பிள்ளை சிக்குகிறது என்பது அதிலேயே இருக்கும்.