48,500 ரூபா: தட்டல் சிகிச்சைக்குக் காசு கட்டுமுன் வாசியுங்கள்

கோபம் ஆறுமுன் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா போய் ஐந்து மாதம். அம்மாவுக்கு நித்திரை இல்லை. சாமம் இரண்டு மணிக்கு எழும்பி முன்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருப்பா. ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் தந்த குளிசையில் கொஞ்சம் தேறி வந்த நேரம்தான் பேஸ்புக்கில் அந்த விளம்பரத்தைக் கண்டேன். அக்குபிரஷர் புள்ளிகளில் விரலால் தட்டி மனக்கவலையைக் குறைப்பார்களாம், அதுவும் திருகோணமலையிலேயே. பெயர் எழுதவில்லை. மேல்மாடியில் இரண்டு அறை எடுத்து நடத்தும் ஒரு ‘நிலையம்’, அவ்வளவுதான்.

உப்புவெளியிலிருந்து ஓட்டோவில் அம்மாவைக் கூட்டிப்போனேன். சுவரில் லாமினேட் பண்ணிய சான்றிதழ் இரண்டு தொங்கின. கிட்டப் போய் வாசிக்கவில்லை. அந்த மேடம் அம்மாவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு, “மனப்பாரம் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு, சொல்லுங்கோ அம்மா” என்றா. “பத்து.” கையின் ஓரத்தில் தட்டிக்கொண்டே, “இந்தத் துக்கம் இருந்தாலும் என்னை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன்” என்று சொல்ல வைத்தா. பிறகு புருவ முனை, கண்ணோரம், கண்ணுக்குக் கீழ், மூக்குக்குக் கீழ், நாடி, காறை எலும்பு, கமக்கட்டு, உச்சந்தலை. காறை எலும்புக்கு வந்தபோது அம்மா அழுதா. செத்தவீட்டில்கூட அழாத மனுசி. “இப்ப எவ்வளவு?” “ஆறு.”

அந்த ஆறுதான் என்னைக் கவிழ்த்தது. பன்னிரண்டு தடவைக்கு, அன்றைக்கே கட்டினால் 48,500 ரூபா, மறுநாள் என்றால் 60,000. மாடிப்படியில் நின்றபடியே போனில் காசை அனுப்பினேன். பில் கேட்டேன். “வட்ஸ்அப்பில் வரும் தங்கச்சி.” இன்னும் வரவில்லை.

நடந்தது மூன்று தடவை. மூன்றாம் நாள் நான் வெளியே இருந்த நேரம், குளிசை ‘சக்தி ஓட்டத்தை மறிக்கும்’, நிற்பாட்டச் சொல்லியிருக்கிறா. அம்மாவும் எனக்குச் சொல்லாமல் நிற்பாட்டிவிட்டா. நாலு நாளில் தலைச்சுற்று, நடுக்கம், திரும்பவும் முன்கதவு. இந்தக் குளிசையைத் திடீரென்று விடவே கூடாது என்று கிளினிக் டொக்டர் ஏசினார். ஏச்சு வாங்கியது நான்.

அதற்குப் பிறகு மேடம் கொழும்பில். அப்புறம் மேடத்துக்குக் காய்ச்சல். அப்புறம் சூமில் செய்யலாமாம். அம்மாவுக்குப் போனில் பச்சைப் பொத்தானைத் தவிர ஒன்றும் தெரியாது. மிச்ச ஒன்பது தடவைக்கான 36,375 ரூபாவையாவது தாருங்கள் என்றேன். “பேக்கேஜ் காசு திருப்பித் தாறதில்லை. அம்மா மனதார ஏற்றுக்கொள்ளாதபடியால்தான் பலன் குறைவு.” இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இதை எழுதவே தொடங்கினேன்.

இப்போதுதான் தேடி வாசித்தேன். 1990களில் கேரி கிரேக் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த முறை இது. அவர் தன் கைநூலை இணையத்தில் இலவசமாகவே விட்டவர். புள்ளி அரை அங்குலம் தவறினாலும் பலன் போய்விடும், அதனால் வீட்டில் செய்யவேண்டாம் என்று மேடம் சொன்னது நினைவுக்கு வந்தது. 2003இல் வெளியான ஒரு ஆய்வில், சம்பந்தமில்லாத இடங்களில் தட்டியவர்களுக்கும், ஒரு பொம்மையில் தட்டியவர்களுக்கும்கூடப் பயம் குறைந்திருக்கிறது. பொம்மையில்! தட்டுவதால் ஆறுதல் வராது என்று நான் சொல்லவில்லை, அம்மாவுக்கு வந்தது. மருந்தோடு சேர்த்துச் செய்வதென்றால் சரி. ஆனால் அந்தப் புள்ளிக் கதைக்கு 48,500 ரூபாவா?

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், அம்மா கூப்பிடுகிறா. முழுக்காசும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். பில் கையில் வராமல் படி இறங்காதீர்கள். குளிசையை நிற்பாட்டச் சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வாருங்கள். அவசரத்துக்கு 1926, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம்.

காலையிலும் மேடத்துக்கு மெசேஜ் போட்டேன். முந்தி நீல டிக்காவது விழும். இன்றைக்கு ஒற்றை டிக்தான், படத்தையும் காணவில்லை.