மழைக்காலத்தையும் கணக்கில் எடுத்தால் வாழைநார்தான்

நாரில் கைவேலை பழக நினைக்கும் டெல்டாக்காரருக்குப் பொருளுக்குப் பஞ்சமே கிடையாது. திருவையாற்றுப் பக்கம் படுகையெல்லாம் வாழை. பட்டுக்கோட்டை, பேராவூரணியில் தென்னை. கொள்ளிடத்துக்கு அருகே தைக்காலில் தலைமுறை தலைமுறையாகக் கோரைப்பாயும் பிரம்பும். போதாததற்கு, யாரும் விதைக்காமலே குளம் குட்டை வடிகால் எங்கும் ஆகாயத்தாமரை, அதாவது வெங்காயத்தாமரை. கூடை, தோள்பை, பாத்திரம் வைக்கும் பிரிமணை போன்றவற்றைச் செய்ய இவற்றில் எதை எடுப்பது என்று பலரும் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு நான் வாழைநாரில் நின்றுவிட்டேன். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை. ஏன் வாழை என்று சொல்லும் அலசல்.

கோரையையும் தென்னையையும் சீக்கிரம் முடித்துவிடலாம். படுக்கும் பாய்க்குக் கோரையை விட்டால் வேறு இல்லை. ஆனால் அதற்குத் தறி வேண்டும், பாவு என்னும் நெடுக்கு நூலைக் கட்ட வேண்டும், கோரையைக் கோத்துக் கொடுக்க ஒருவர், அடித்து நெய்ய ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். வீட்டுத் திண்ணையில் ஒற்றை ஆளாகத் தொடங்குகிறவருக்கு அது பெரிய ஏற்பாடு. தேங்காய் நார் ஈரத்துக்கு அஞ்சாது. நாரை மரம் போல இறுக்கும் லிக்னின் அதிகம் என்பதால் உப்புத் தண்ணீரில்கூட லேசில் மக்காது. மிதியடிக்கும் கயிற்றுக்கும் தொட்டிச் செடிக் கூடைக்கும் அதையே எடுங்கள். தோளில் மாட்டும் பைக்கு மட்டும் ஆகாது. துணியையும் தோலையும் உரசிக்கொண்டே இருக்கும். இன்னொன்றும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, மறுபடி நட்டுக் காய் பார்க்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. வாழையும் காற்றுக்குச் சாயும். ஆனால் பக்கக்கன்று ஒரு வருஷத்தில் தார் தள்ளிவிடும்.

உண்மையான போட்டி வாழைநாருக்கும் ஆகாயத்தாமரைக்கும்தான்.

ஆகாயத்தாமரையின் பக்கம் நியாயம் நிறைய. தென் அமெரிக்கச் செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளம் வழியாக அழகுச் செடியாக உள்ளே வந்து, இன்று வாய்க்காலை அடைத்து மதகை மூடும் களையாகிவிட்டது. அதை எடுத்துப் பொருளாக்கினால் நீர்நிலைக்கும் நல்லது, கைக்கும் காசு. நெருக்கமாக வளரும் இடத்தில் தண்டு மெலிந்து முழ நீளத்துக்கு மேல் போகும். அப்படிப்பட்ட தண்டு காய்ந்தபின் மெத்தென்று இருக்கும், கைக்கு இதமாக வளையும், சடை பின்னினால் பார்வையாகவும் இருக்கும். தனித்தனியாக மிதக்கும் செடியில் தண்டு குட்டையாக, குமிழ் போல உப்பியிருக்கும். அது வேலைக்கு ஆகாது. கருவி என்று பெரிதாக எதுவும் தேவையில்லை, ஒரு கத்தி போதும். முதல்முறை கூடை பின்னுகிறவருக்கு வாழைநாரைவிட இது சுலபம் என்பதை மறுக்க மாட்டேன்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: ஈரம்.

வாழைநார் என்று நாம் எடுப்பது சதையைச் சீவித் தள்ளியபின் மிஞ்சும் இழை மட்டும். ஆகாயத்தாமரையில் அப்படி இல்லை. தண்டை முழுசாகக் காயவைத்து முழுசாகவே பின்னுகிறோம். அந்தத் தண்டு பச்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். உள்ளே செடியை மிதக்கவைக்கும் காற்றறைகள். காய்ந்தபின் தண்ணீர் போய்விடும், அறைகள் அப்படியே இருக்கும். ஐப்பசி அடைமழையில் நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்தை அவை பஞ்சு போல மறுபடி இழுத்துக்கொள்ளும். கார்த்திகை பிறப்பதற்குள் கூடையின் அடியில் பூசணம் பூத்திருக்கும். துடைத்து வெயிலில் வைத்தால் வெள்ளை போகும், கறுப்புப் புள்ளி போகாது. கந்தகப் புகை போடுவதும் வார்னிஷ் அடிப்பதும் வழக்கத்தில் உண்டு. புகை வீட்டுக்குள் போடக்கூடியதல்ல. வார்னிஷ் அடித்தால், மண்ணோடு மக்கும் பொருள் என்று சொல்லி விற்க எனக்கு மனம் வரவில்லை.

பருவமும் இந்தச் செடிக்கு ஒத்துழைப்பதில்லை. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள். தண்ணீர் நிறைந்து செடி செழித்து நீண்ட தண்டு கிடைப்பது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். காயப்போட வெயில் இல்லாததும் அந்த மாதங்களில்தான். சித்திரை வெயிலில் ஓரிரு நாளில் சருகாகிவிடும், ஆனால் அப்போது குட்டை வற்றியிருக்கும். கோடையில் தூர்வாரும் இடத்தில் கரை நெடுக அள்ளிப் போட்டிருப்பார்கள். பொக்லைன் வாயில் மாட்டிய தண்டில் முழுசாக ஒன்றும் தேறாது. உரத்துக்கு நல்லது, பின்னலுக்கு இல்லை.

வாழையில் இந்தச் சிக்கல் கிடையாது. தார் வெட்டிய மரம் வருஷம் முழுக்க எங்காவது கிடைக்கும். நூறு கிலோ தண்டுக்கு நார் ஒன்று, ஒன்றரைக் கிலோதான் வரும். குறைவுதான், ஆனால் வந்த நார் இருக்கும். ஒரு மழைவிட்ட பகல் கிடைத்தால் நிழல்காய்ச்சலிலேயே உலர்ந்துவிடும். கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சில்லென்று இல்லாவிட்டால் கட்டி வைக்கலாம். பிளாஸ்டிக் பையில் மட்டும் போடக்கூடாது. பழைய வேட்டித் துணியில் சுற்றி, காய்ந்த வேப்பிலை போட்டு, அடுப்படிப் பரணில் வைத்தால் போதும். வாழைநார்ப் பையிலும் பூசணம் வரும், நார் எடுக்கும்போது சதை ஒட்டியிருந்தால். நன்றாகச் சீவி, சாறு போக அலசிய நாரில் எனக்கு வந்ததில்லை. பை நனைந்தால் உதறித் தொங்கவிட வேண்டும், அவ்வளவே. ஓரிழை அறுந்தால் புது இழையைச் சேர்த்து முறுக்கி ஓட்டிவிடலாம். ஆகாயத்தாமரையில் ஒரு சடை நைந்தால் அந்த வரிசையையே பிரிக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பூக்கட்டும் வாழைநார், பந்தல்காரர் கட்டும் பட்டை இரண்டும் காய்ந்த பட்டையைக் கிழித்தது. அது சதையோடு இருப்பதால் மழையில் ஆகாயத்தாமரைக்குச் சளைக்காமல் பூசணம் பிடிக்கும். ‘வாழைநார்க் கூடை’ என்ற பெயரில் சந்தையில் வருவதில் கணிசமானது பட்டையில் பின்னியதுதான். நான் இவ்வளவும் சொல்வது சீவி எடுத்த இழையைப் பற்றி.

சீவத்தான் கருவி வேண்டும். அதை விலைக்கு வாங்க வேண்டியதில்லை, வீட்டுப் பழசிலேயே இருக்கிறது. பலகைக்கு ஒரு பழைய கதவுத் துண்டு. சீவுவதற்குத் தேய்ந்துபோன எவர்சில்வர் தோசைத்திருப்பி. பட்டறையில் கேட்டால் ரம்பத் தகட்டைப் பல் தேய்த்துத் தருவார்கள், லாரி ஸ்பிரிங் பட்டையைக்கூட அடித்துத் தருவார்கள். வேண்டாம் என்பேன். வாழைச் சாற்றில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். வெள்ளை நாரில் சாம்பல் திட்டு விழுந்தால் அலசினாலும் போகாது. எதுவானாலும் விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும். கூர் இருந்தால் சதையோடு நாரும் அறுபடும். சிக்கெடுக்க, கட்டையில் வரிசையாக ஆணி அடித்த சீப்பு. முறுக்குவதற்கு டயர் கழற்றிய சைக்கிள் சக்கரத்தை ராட்டைச் சக்கரமாக நிறுத்தி, அதன் பள்ளத்தில் கயிற்றை ஓட்டி, தையல் நூல் தீர்ந்த கட்டையைச் சுழலவிட்டு, அந்தக் கட்டையில் நுனி வளைத்த குடைக்கம்பியைச் செருகிவிட்டால் முறுக்கு ஒரே சீராக வரும். கைப்பிடிக்குப் பழைய டியூபை வெட்டிச் சுற்றினால் உள்ளங்கை காய்க்காது. கூடைக்கு அச்சு, காலியான பெயின்ட் வாளி.

கையால் சீவுவதில் பொறுமை வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் அரைக் கிலோ நார் எடுப்பதே பெரிய காரியம். மரம் வெட்டிய இரண்டு மூன்று நாளுக்குள் சீவிவிட வேண்டும், தாமதித்தால் நிறம் மங்கும். வெளிமட்டையில் முரட்டு நார், அது கயிற்றுக்கு. உள்மட்டையில் வெளுத்த மெல்லிய நார், அது பைக்கு. கறை துணியில் பட்டால் போகாது, அதற்கென்று ஒரு பழைய புடவை ஒதுக்கிவிடுங்கள். விற்பனைக்குச் செய்கிறவர்கள் மெஷினுக்குப் போவதே சரி. 1993-இல் தொடங்கிய திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் நார் எடுப்பது பற்றி விசாரிக்கலாம். நான் மெஷின் நாரை வாங்கிப் பின்னியிருக்கிறேனே தவிர மெஷினை ஓட்டியதில்லை. அதன் கரண்டுச் செலவு, தேய்மானம் பற்றி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். சாயம் ஏற்றுவதிலும் என் அனுபவம் மஞ்சளோடு நிற்கிறது, அது வெயிலில் வெளுத்துவிடும்.

வாழையின் மேல் எனக்குள்ள ஒரே சங்கடம், தண்டு முழுக்க வீண்பொருள் இல்லை என்பது. வெட்டிய மரத்தைக் கொல்லையிலேயே விட்டால் அதிலிருக்கும் சாம்பல் சத்து அடுத்த கன்றுக்குப் போகும். அதனால் நார் எடுத்தபின் சதையையும் சாற்றையும் தோட்டக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். கொடுத்தால் அடுத்த முறை அவரே கூப்பிட்டு அனுப்புகிறார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆகாயத்தாமரையில்தான் செய்வேன் என்கிறவர்கள் தையில் அறுத்து, மாசி பங்குனி வெயிலில் நன்றாகக் காயவைத்து, புரட்டாசிக்குள் விற்றுவிடும்படி திட்டமிடுங்கள். ஏசி அறையில் இருக்கும் கடைகளுக்குக் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. சாக்கடை கலக்கும் வடிகாலில் எடுக்காதீர்கள். அந்தச் செடி தண்ணீரில் இருக்கும் உலோகங்களையும் உறிஞ்சி வைத்திருக்கும். தண்டை மட்டும் அறுத்துவிட்டு வேரை விட்டால் மறுபடி தழைக்கும், ஆகவே வேரோடு கரையேற்றி வெயிலில் பரப்புங்கள். மிச்சத்தை இன்னொரு குளத்துப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டவே கூடாது. விதை பல வருஷம் சேற்றில் கிடந்தாலும் தண்ணீர் வந்ததும் முளைக்கும்.