அடுத்த மொடல் வரட்டும் என்று காத்திருந்த எட்டு மாதம்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பதுதான் என் தொழில். 2021 மார்கழியில், ஆப்பிளின் மக்புக் எயார் மடிக்கணினி வாங்க இரண்டு இலட்சத்துக்குக் கிட்டச் சேர்த்துவிட்டேன். ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 போட்ட எயார் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. "அடுத்தது வரப்போகுது, கொஞ்சம் பொறு" என்றார்கள். ஆப்பிளின் மேசைக் கணினியான ஐமாக் போலப் பல நிறம், திரையைச் சுற்றி வெள்ளை விளிம்பு என்றெல்லாம் கதை அடிபட்டது. பொறுத்தேன்.

2022 மார்ச்சில் இலங்கை ரூபா விழுந்தது. 200க்குக் கிட்ட நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஆனது. 999 டொலர் மெஷின், வரியெல்லாம் சேர்க்காமலே, இரண்டு இலட்சத்திலிருந்து மூன்றரை இலட்சத்துக்கு மேல் போய்விட்டது. புது மொடலில் என்ன மாறும் என்று இரவிரவாகத் தேடிய நான், கையிலிருந்த காசின் பெறுமதி மாறும் என்று நினைக்கவேயில்லை. ஜூலையில் எம்2 விற்பனைக்கு வந்தபோது தொடக்க விலை 1199 டொலர். வெள்ளை விளிம்பும் இல்லை. ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த சின்ன மாமா மூலம் எம்1ஐயே எடுத்தேன். 8 ஜிபி ராம், 256 ஜிபி சேமிப்பு. கைக்குக் குறைந்த காசை மாதாமாதம் கட்டித் தீர்த்தேன்.

2025 ஆவணியோடு மூன்று வருடம் ஆனது. தினமும் கரண்ட் நின்ற அந்த நாள்களில் இதன் பற்றரிதான் என் பிழைப்பைக் காப்பாற்றியது. விறாந்தையில் பாயை விரித்து, இருட்டில் இருந்தபடியே ஒரு முழுக் கலியாணத்தை வெட்டி முடித்திருக்கிறேன்.

ஆனால் இரண்டு யூஎஸ்பி-சி துளைகள்தான். ஒன்றில் சார்ஜர், மற்றதில் காட்சிகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி டிரைவ். கமரா கார்ட்டைக் கொப்பி பண்ண வேண்டுமென்றால் சார்ஜரைக் கழற்றி, றீடரைச் செருகி, முடியும்வரை பற்றரி வீதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு துளைகளைக் கூட்டித் தரும் ஹப் ஒன்று வாங்கினேன். எம்2இல் சார்ஜ் பண்ண மக்சேஃப் என்ற காந்தச் சொருகி தனியாக வந்ததால் இரண்டு துளையும் வேலைக்கு மிஞ்சுகின்றன. அந்தக் கதையும் வெள்ளை விளிம்புக் கதையோடு சேர்ந்தே வந்தது. நாங்கள் நிறத்தைப் பற்றித்தான் கதைத்தோம்.

8 ஜிபி எடுத்ததுதான் எனக்கு உண்மையாகவே வருத்தம். ராம் சிப்போடு சேர்ந்தே வருவதால் பிறகு கூட்ட முடியாது. இரண்டு கமராவின் 4கே காட்சிகள் வந்தால் குரோமை மூடிவிட்டுத்தான் தொடங்குவேன். சித்திரை வெக்கையில் நீளமான எக்ஸ்போர்ட் என்றால் மேசை ஃபானை அதன் பக்கம் திருப்பிவிடுவேன். உள்ளே ஃபான் இல்லை. எம்4 வரைக்கும் எயாரில் அது வரவில்லை.

புதியது என்றால் எல்லாமே கூடும் என்றும் இல்லை. எம்2இன் 256 ஜிபி மொடலில் சேமிப்புக்கு ஒரே ஒரு சிப். அதனால் எம்1ஐ விட அதன் எஸ்எஸ்டி வேகம் குறைவு. எம்3இல்தான் மறுபடி இரண்டு சிப் ஆனது. ஆகப் பெரிய மாற்றமோ புது மொடல் எதுவும் வராமலே வந்தது: 2024 ஒக்டோபரில் எம்2, எம்3 எயார்களின் அடிப்படை ராமை அதே விலையில் 16 ஜிபி ஆக்கினார்கள். எனக்கு வேண்டியிருந்தது இதுதான். 2025 மார்ச்சில் வந்த எம்4 999 டொலரிலேயே தொடங்கியது, அதுவும் 16 ஜிபியோடு.

அந்த வருடம் அக்காவின் மகளுக்குக் கம்பஸ் கிடைத்தது. "மாமா, எம்5 வரட்டும் எண்டு பாக்கட்டா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"உனக்கு எப்ப வகுப்புத் தொடங்குது?"

"அடுத்த மாதம்."

அந்தச் சனிக்கிழமை எம்4இன் விலை கேட்க ரவுணுக்குப் போனோம்.