தேதியை உள்பக்கம் திருப்பி மாட்டிய டயர்கள்: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

நாகர்கோவிலில் ஒரு டயர் கடையில் நான் ஏமாந்த கதை இது. கடைப் பெயரை எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். வீட்டில் பழைய கார் நிற்கிறவர்கள் டயர் மாற்றப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் வீடு குலசேகரம் பக்கம். அப்பா 2004-ல் வாங்கிய மாருதி 800 இன்னும் இருக்கிறது. மாசம் ஒருமுறை அம்மாவை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, எப்போதாவது ஒரு கல்யாண வீடு, அவ்வளவுதான் ஓட்டம். வருஷத்துக்கு 1,500 கிலோமீட்டர் தாண்டாது. 2024 ஆகஸ்டில் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருந்தது. பதினைந்து வருஷம் கழிந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அந்த வேலை உண்டு. கழுவும்போது பார்த்தால் டயரின் பக்கவாட்டில் வயல் வெடிப்பு மாதிரி கோடு கோடாக விரிசல். பட்டன், அதாவது தரையில் உரசும் மேல் ரப்பர், என்னவோ நன்றாகத்தான் இருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் போட்ட டயர்கள் அவை. சரி, மாற்றிவிடலாம் என்று கிளம்பினேன்.

எங்கள் வண்டியின் அளவு 145/70 ஆர்12: அகலம் 145 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 12 அங்குலம். இப்போது வருகிற கார்களில் 12 அங்குலச் சக்கரமே அபூர்வம், அதனால் இது எல்லாக் கடையிலும் கிடைக்காது. மார்த்தாண்டத்தில் விசாரித்த கடையில், "145/80 இருக்கு, ஆல்ட்டோவுக்குப் போடுறது, உங்களுக்கும் பொருந்தும்" என்றார்கள். ரிம்மில் ஏறும், உண்மைதான். ஆனால் சக்கரத்தின் விட்டம் 29 மில்லிமீட்டர் கூடிப்போகும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். வேண்டாம் என்று வந்துவிட்டேன். அதுவரை சரியாகத்தான் இருந்தேன்.

நாகர்கோவில் கடையில் அதே அளவு நாலு டயர் இருந்தது. கருகருவென்று, எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளப்பு. எவ்வளவு ஓட்டம் என்று கடைக்காரர் கேட்டார். சொன்னேன். "அண்ணாச்சி, உங்க ஓட்டத்துக்கு இது தாராளம். பத்து வருஷத்துக்கு இந்தப் பக்கம் வரமாட்டிய" என்றார். பில் வேண்டாம் என்றால் வரியைக் கழித்துத் தருகிறேன் என்றும் சொன்னார். அப்போது டயருக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. (2025 செப்டம்பரில்தான் 18 ஆனது). நானும் சம்மதித்தேன். எஸ்டிமேட் சீட்டு ஒன்றைக் கிழித்துத் தந்தார். 10,800 ரூபாயை போனிலேயே அனுப்பினேன். "நீங்க ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க, அதுக்குள்ள மாட்டிருவோம்." குடித்துவிட்டு வந்தேன். மாட்டி முடித்திருந்தார்கள்.

2025 ஜனவரியில் அம்மாவை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பும்போது பார்வதிபுரம் மேம்பாலம் இறங்கியதிலிருந்து ஸ்டியரிங் உதறத் தொடங்கியது. வில்லுக்குறி வரும்போது கையில் பிடிக்க முடியவில்லை. ஓரத்தில் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். இருபத்தைந்து வயசு இருக்கும் அந்தத் தம்பிக்கு. ஜாக்கி வைத்துத் தூக்கி, முன் இடது சக்கரத்தை மெதுவாகச் சுழற்றினார். ஒரு இடத்தில் பட்டன் கோழிமுட்டை அளவுக்குப் புடைத்திருந்தது. உள்ளே கம்பிப் பட்டை ரப்பரை விட்டுப் பிரிந்திருக்கிறது என்றார். கழற்றித் தரையில் உள்பக்கம் மேலே தெரிகிற மாதிரி போட்டு, ஈரத் துணியால் ஓரத்தைத் துடைத்தார். சின்னதாக ஒரு நீள்வட்டம், அதற்குள் நாலு எண்: 1117.

"அண்ணே, இதப் பாத்தியளா? எங்க வாங்குனிய இத?"

முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் வருஷம். 2017-ம் வருஷம் பதினோராவது வாரம், அதாவது மார்ச் மாசம் செய்த டயர். நான் வாங்கும்போதே அதற்கு ஏழு வயசு தாண்டியிருந்தது. மற்ற மூன்றையும் பார்த்தோம். இரண்டில் அதே 1117, ஒன்றில் 3918. நாலிலும் தேதி உள்பக்கம். பல டயர்களில் இந்தத் தேதி ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், மறுபக்கம் வெறும் எழுத்துகளோடு நின்றுவிடும். ஒன்றிரண்டு அப்படி அமைந்தால் தற்செயல் என்று விடலாம். நாலும் அப்படி அமையுமா? என்னைச் சாயா குடிக்க அனுப்பியதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. அம்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அந்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ரப்பர் எங்களுக்குத் தெரியாத சரக்கு இல்லை. வீட்டுக்குப் பின்னால் தோட்டம். விடியுமுன் பால் வெட்டி, ஷீட் அடித்து, ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் போட்டு வளர்ந்த குடும்பம். ஷீட்டை வெயிலில் மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியும். டயர் ரப்பரும் அப்படித்தான், காற்றும் வெயிலும் சூடும் அதைத் தின்றுகொண்டே இருக்கும். அதைத் தடுக்க மெழுகும் மருந்தும் கலந்திருப்பார்கள். வண்டி ஓடி டயர் நெளியும்போதுதான் அது மேல்பரப்புக்கு வந்து காக்கும். நிற்கிற வண்டியில் அது குறைவாகவே நடக்கும். அதனால் ஓடாத டயர் ஓடுகிற டயரை விடச் சீக்கிரம் விரிசல் விடும்.

நான் கோட்டை விட்டதும் இங்கேதான். அந்த டயர் 40,000 கிலோமீட்டர் தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம். என் ஓட்டத்துக்கு அதைத் தேய்க்க இருபத்தாறு வருஷம் வேண்டும். தேய்ந்து சாகிற டயர் இல்லை என்னுடையது, வயசாகிச் சாகிற டயர். ஆக, கடையில் நான் காசு கொடுத்து வாங்குவது பட்டனை இல்லை, வருஷங்களை. டயர் கம்பெனிகளே எவ்வளவு பட்டன் இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டாதீர்கள், ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷா வருஷம் காட்டுங்கள் என்கின்றன. அந்தப் பத்தில் ஏழு வருஷத்தைக் கடைக்காரர் தன் அலமாரியில் தின்றுவிட்டு மிச்சத்தை எனக்கு முழு விலைக்கு விற்றிருக்கிறார். "உங்க ஓட்டத்துக்கு இது தாராளம்" என்று அவர் சொன்னது நேர் தலைகீழ். தினம் நூறு கிலோமீட்டர் ஓடுகிற டாக்சிக்காரர்கூடப் பழைய டயரை ஒரு வருஷத்தில் தேய்த்து எறிந்துவிடுவார். என்னைப் போன்றவனுக்குத்தான் புதுத் தேதி கண்டிப்பாக வேண்டும்.

மறுநாள் கடைக்குப் போனேன். "ஓடாத டயர் புது டயர்தான் அண்ணாச்சி, எல்லாக் கடையிலும் ஸ்டாக் இப்படித்தான்" என்றார். அது பொய். ஆறு மாசம், ஒரு வருஷம் பழைய சரக்கு எங்கும் சகஜம், நிழலில் வைத்திருந்தால் கெடுதலும் இல்லை. 12 அங்குலம் மெதுவாக விற்கும் என்பதால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். ஏழு வருஷப் பழசை ஸ்டாக் என்று சொல்ல முடியாது. பில் எங்கே என்று அடுத்த கேள்வி கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மிச்சம் பிடித்த வரிப்பணம் அங்கே போயிற்று.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். முறையான பில் இல்லாவிட்டாலும் எஸ்டிமேட் சீட்டு, போனில் பணம் அனுப்பிய விவரம், தேதி தெரிகிற போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு தக்கலையில் ஒரு கடையில் ஆர்டர் சொல்லி, ஒன்பது நாள் காத்திருந்து புது டயர் போட்டேன். ரிம்மில் ஏற்றும் முன் ஒவ்வொன்றையும் உருட்டி, தேதியைப் பார்த்து, போட்டோ எடுத்தேன். தேதி வெளியே தெரிகிற மாதிரி மாட்டச் சொன்னேன். பில்லில் அந்த நாலு எண்ணையும் எழுதித் தரச் சொன்னேன். கடைக்காரர் முகம் சுளிக்கவே இல்லை. நல்ல கடைக்கு இது ஒரு தொந்தரவே இல்லை. அங்கேதான் ஸ்டெப்னியையும் எடுத்துப் பார்த்தேன். தரையே தொடாத டயர், முள் முள்ளாக ரப்பர் ரோமம்கூட உதிரவில்லை. எண் 0904. இருபது வருஷமாக அதை நம்பித்தான் அம்மாவை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். அதையும் மாற்றினேன்.

பழைய நாலும் புகைப்புரைக்குள் கிடக்கின்றன, ஆணையத்தில் கேட்டால் காட்ட வேண்டும். போன மாசம் பழைய சாமான் எடுக்கிறவர் வந்தார். பட்டன் நல்லா இருக்கே என்று டயருக்கு 300 தருவதாகச் சொன்னார். கொடுக்கவில்லை. பாலிஷ் போட்டால் இவை மறுபடியும் யாராவது ஒருவர் வண்டியில் ஏறிவிடும். கேஸ் முடிகிற அன்று வெட்டுகத்தியால் நாலின் பக்கவாட்டையும் கீறிவிட்டுத்தான் வெளியே போடுவேன்.